காலாண்டு லீவில் மத்தியதரைக் கடல் தீவு: அம்மாவுக்கு முட்டுவலி, எந்த இடத்தில் அறை எடுப்பது?

பாளைவாசி

எல்லாருக்கும் வணக்கம். காலாண்டுப் பரீட்சை லீவில் நானும் வீட்டுக்காரரும் மகனும் அம்மாவும் வெளிநாடு போகலாம் என்று இருக்கிறோம். தங்கை மியூனிக்கில் வேலை பார்க்கிறாள். அக்டோபர் 3 ஜெர்மனியில் அரசு விடுமுறை, அதை ஒட்டி அவளும் லீவு போட்டுவிட்டாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு மத்தியதரைக் கடலில் ஏதாவது ஒரு சின்னத் தீவில் ஏழு ராத்திரி இருந்துவிட்டு வர வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. அப்பா இருந்தவரை அம்மா பார்த்த கடல் எல்லாம் திருச்செந்தூரும் கன்னியாகுமரியும்தான், அதுவும் சாமி கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிற மாதிரி. இந்த ஒரு தடவையாவது கடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவசரமில்லாமல் பார்க்கட்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் இருக்கிறது.

அம்மாவுக்கு 67 வயது, வலது முட்டு தேய்மானம். சமதளமாக இருந்தால் மெதுவாக ஒரு கிலோமீட்டர் நடப்பாள். நெல்லையப்பர் கோவிலில் பிரகாரம் சுற்றி வந்துவிடுவாள், ஆனால் பத்துப் பன்னிரண்டு படி ஏறினால் அப்படியே நின்றுவிடுவாள். சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. மகன் எட்டாம் வகுப்பு, அவனுக்குத் தண்ணீர் இருந்தால் போதும், பாபநாசத்தில் ஆற்றில் இறங்கினால் ஏறவே மாட்டான்.

தங்கை மூன்று தீவுகள் சொல்கிறாள்: கிரேக்கத்தில் நாக்ஸோஸ், இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் ப்ரோசிடா, மால்டாவை ஒட்டி கோஸோ. எந்தத் தீவு என்பதை விட எனக்குப் பெரிய குழப்பம், தீவுக்குள் எந்த இடம் என்பதுதான். கடற்கரையில் தனி வீடு, துறைமுக ஊருக்குள் ஹோட்டல், மலைக் கிராமத்தில் பழைய கல்வீடு என்று மூன்று விதமாக வருகிறது. படத்தில் பார்த்தால் எல்லாமே வெள்ளைச் சுவரும் நீலக் கடலுமாக ஒரே மாதிரி இருக்கிறது, படி எத்தனை, கடை எவ்வளவு தூரம் என்று ஒன்றும் தெரியவில்லை. தங்கை ஒரு தீவில் நாலு ராத்திரி, இன்னொன்றில் மூன்று என்று பிரிக்கலாம் என்கிறாள். அது சரிவருமா? அந்த நேரத்தில் மழை வருமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

உவரிக்காரன்

தங்கச்சி, நான் சரக்குக் கப்பலில் இருபத்திரண்டு வருஷம் எஞ்சின் பக்கம் வேலை பார்த்தவன். அந்தக் கடல் எல்லா மாதத்திலும் பழக்கம். முதலில் காற்றைச் சொல்லிவிடுகிறேன், தங்குகிற இடம் அதைப் பொறுத்துத்தான்.

நம்ம ஊரில் ஆனி, ஆடியில் பணகுடிப் பக்கம் கச்சான் எப்படி நாள்கணக்கில் அடிக்கும், அந்த மாதிரி நாக்ஸோஸ் இருக்கிற ஏஜியன் கடலில் ஜூலை ஆகஸ்டில் ஒரு காற்று உண்டு. கிரேக்கர்கள் மெல்டெமி என்பார்கள். நமது கச்சான் மேற்கே இருந்து வரும், அது வாடை, வடக்கே இருந்து இறங்கும். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடி துருக்கிப் பக்கம் குறைந்து கிடக்கிறவரை நிற்காது. செப்டம்பர் பாதிக்கு மேல் வேகம் குறைந்துவிடும். அதே சமயம் கடல் கோடை முழுக்கக் குடித்த சூட்டைச் சீக்கிரம் விடாது, தரை ஆறினாலும் தண்ணீர் 23, 24 டிகிரியில் இருக்கும். மே மாதக் கடலை விட செப்டம்பர் கடைசிக் கடல்தான் வெதுவெதுப்பு. மகனுக்கு நல்ல நேரம்தான். ஆனாலும் காற்று அறவே இல்லாமல் போகாது, அதனால் தீவின் வடக்குக் கரையில் வீடு எடுக்க வேண்டாம், தெற்கு அல்லது மேற்குக் கரை பாருங்கள்.

மழை கேட்டீர்கள். மேற்கே இருக்கிற இத்தாலித் தீவுகளுக்கு முதலில் வரும். சூடான கடலுக்கு மேலே குளிர்ந்த காற்று வந்து சேர்ந்தால் ஒரே ராத்திரியில் இடியும் மழையுமாகக் கொட்டிவிட்டு மறுநாள் வெயில் அடிக்கும். ஏஜியன் தீவுகள் பெரும்பாலும் அக்டோபர் பாதிவரை காய்ந்தே கிடக்கும். எப்போதாவது விதிவிலக்கு உண்டு, 2020 செப்டம்பரில் இயானோஸ் என்கிற புயல் கிரேக்கத்தின் மேற்குப் பக்கம் கெஃபலோனியா, இத்தாக்கா தீவுகளை நன்றாக அடித்தது. அதற்காகப் பயப்படச் சொல்லவில்லை, திட்டத்தில் ஒரு நாள் கையிருப்பு வையுங்கள் என்கிறேன். கிரேக்கத்தில் காற்று பியூஃபோர்ட் கணக்கில் 8 என்று வந்துவிட்டால் பயணிகள் கப்பலைத் துறைமுகத்தை விட்டு வெளியே விடமாட்டார்கள். சின்ன வேகப் படகுகள் அதற்கு முன்னாலேயே நின்றுவிடும். ஆகையால் தீவில் இருந்து இறங்கி அதே நாளில் விமானம் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடவே கூடாது. கடைசி ராத்திரி தரையில், அதாவது ஏதென்ஸிலோ நேப்பிள்ஸிலோ. இது ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

இதே காரணத்துக்காகத்தான் இரண்டு தீவு வேண்டாம் என்கிறேன். ஒரு மாற்றம் என்றால் காலையில் பெட்டி கட்டி, துறைமுகத்தில் காத்திருந்து, ஏறி இறங்கி, புது அறை பார்த்து, அந்த நாள் முழுக்கப் போய்விடும். அக்டோபர் நெருங்க நெருங்கக் கப்பல் எண்ணிக்கையும் குறையும். அம்மாவுக்கு ஏழு ராத்திரியும் ஒரே கட்டில் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு விஷயம், கிரேக்கத் தீவுகளில் தலைநகர ஊரை 'ஹோரா' என்பார்கள். பழைய காலத்தில் கடற்கொள்ளையருக்குப் பயந்து பல தீவுகளில் ஊரை மலைமேல் கட்டினார்கள், துறைமுகம் கீழே தனியாகக் கிடக்கும். செரிஃபோஸ், ஃபோலேகாண்ட்ரோஸ், பாட்மோஸ் எல்லாம் அப்படி. ஸீமி தீவில் துறைமுகத்தில் இருந்து மேல் ஊருக்கு ஏறுகிற கல்படிகளே 500 அளவுக்கு உண்டு. ஹைட்ராவில் கார், பைக் எதுவும் ஓடாது, பெட்டியைக் கழுதைமேல் ஏற்றி அனுப்புவார்கள், மனுஷன் படியில் ஏற வேண்டும். படத்தில் அழகாகத்தான் இருக்கும், முட்டுவலிக்காரர்களுக்கு ஆகாது. நாக்ஸோஸில் ஹோராவும் துறைமுகமும் ஒரே இடம், கப்பலை விட்டு இறங்கினால் ஊர். உங்கள் மூன்றில் எனக்கு அதுதான் படுகிறது.

அம்பாசமுத்திரத்தாள்

உவரி அண்ணாச்சி சொன்னதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். போன தடவை நாங்கள் செப்டம்பர் கடைசி வாரம் நாக்ஸோஸ் போனோம், கூட என் அத்தையும் வந்தார்கள், 70 வயது, அவர்களும் சைவம். எங்கே தங்க வேண்டும் என்பதை நான் முதலில் தப்பாகப் போட்டுவிட்டுப் பாதியில் மாற்றினேன், அதனால் இரண்டு பக்கமும் சொல்ல முடியும்.

முதல் மூன்று ராத்திரி ப்ளாக்கா கடற்கரையில் ஒரு வீடு. கடல் என்றால் அப்படி ஒரு கடல், காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கும், மணல் நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும், அதில் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். விளம்பரத்தில் 'கடலுக்கு 200 மீட்டர்' என்று போட்டிருந்தது, அதுவும் நிஜம்தான். அந்த 200 மீட்டரும் மண் பாதை, விளக்குக் கிடையாது, வீட்டு வாசலில் கைப்பிடி இல்லாத பதினாலு படி. அது விளம்பரத்தில் இல்லை. அந்த நேரத்தில் ஏழு மணிக்குச் சூரியன் விழுந்துவிடும், அதற்கப்புறம் அத்தை வாசலைத் தாண்டவில்லை. எங்களுக்கு அடுத்திருந்த சாப்பாட்டுக் கடையில் இரண்டாவது நாள் சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பக்கத்து மேஜைகளை எல்லாம் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நாற்காலிகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டினார். என்ன என்று கேட்டால், எங்களுக்கு ஞாயிறோடு சீசன் முடிந்தது, ஏதென்ஸ் போகிறோம் என்றார். மறுநாள் அத்தைக்கு ரொட்டியும் தக்காளியும்தான். பஸ்ஸும் கோடையில் ஓடின அளவுக்கு ஓடவில்லை.

நாலாம் நாள் காலையில் ஹோராவுக்கே மாறினோம். ஊருக்குத் தெற்கே ஆயியோஸ் யியோர்யோஸ் என்று ஒரு கடற்கரை, கடைத்தெருவில் இருந்து பத்து நிமிஷ நடை. அந்தப் பகுதி முழுக்கத் தட்டையான தெரு. அதே ஹோராவில் பழைய கோட்டைப் பக்கம் வெனிஸ்காரர்கள் கட்டினது, அங்கே எல்லாம் வளைந்து வளைந்து படிதான், அந்தப் பக்கம் அறை எடுத்துவிடாதீர்கள். ஆயியோஸ் யியோர்யோஸில் கடல் ரொம்பத் தூரம் ஆழம் இல்லாமல் போகும், இடுப்பு வரை வருவதற்கே நடந்துகொண்டு இருக்க வேண்டும். உங்கள் மகனை விட்டுவிட்டு அம்மா கரையில் நிம்மதியாக உட்காரலாம். அத்தை புடவையை முட்டுவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு தினமும் காலை ஏழரைக்குத் தண்ணீரில் நின்றார்கள். முதல் நாள் 'சில்லுனு இருக்கு' என்று காலை எடுத்துவிட்டார்கள், நம்ம ஆறு அளவுக்கு வெதுவெதுப்பு இல்லை. மூன்றாம் நாள் கூப்பிடக் கூப்பிட வரவில்லை.

ஊருக்குள் இருந்தால் இன்னொரு நன்மை, அங்கே ஜனங்கள் வருஷம் முழுக்க இருக்கிறார்கள். மருந்துக் கடை, காய்கறிக் கடை, ரொட்டிக் கடை எல்லாம் அவர்களுக்காகத் திறந்திருக்கும், சுற்றுலாக்காரர் போனாலும் மூடாது. பஸ் எல்லாம் துறைமுகத்தில் இருந்துதான் கிளம்பும். ஆயியோஸ் ப்ரோகோபியோஸ், ஆயியா அன்னா கடற்கரைகளுக்குப் பகலில் போய்விட்டு வந்துவிடலாம், ஜங்ஷனுக்கும் பாளைக்கும் உள்ள தூரம்தான். மலைப் பக்கம் ஹல்கி, ஃபிலோட்டி, அபிராந்தோஸுக்கும் அங்கிருந்தே பஸ். துறைமுகத்தை ஒட்டி ஒரு திட்டில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் அப்போலோவுக்குக் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோவிலின் பளிங்கு நிலைவாசல் மட்டும் தனியாக நிற்கும், போர்ட்டாரா என்பார்கள். அங்கே சாயங்காலம் கூட்டமாக வந்து உட்காருவார்கள். கடைசியில் கொஞ்சம் ஏற்றம், அம்மா கையைப் பிடித்துக்கொண்டால் போய்விடலாம்.

சாப்பாடு சொல்கிறேன், சைவக்காரர்களுக்கு இதுதான் பெரிய கவலை. 'ஃபாவா' என்று கேளுங்கள், மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து எண்ணெய் ஊற்றி வெங்காயம் தூவித் தருவார்கள், கிட்டத்தட்ட நம்ம பருப்புக் கடைசல், உறைப்பு மட்டும் இல்லை. 'ஜிகாண்டெஸ்' பெரிய வெள்ளை அவரை, தக்காளியில் வெந்தது. 'ஹோர்தா' அவித்த கீரை, எலுமிச்சை பிழிந்தது. 'யெமிஸ்தா' தக்காளி, குடைமிளகாய்க்குள் சோறு அடைத்தது, அதில் கறி போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். அவர்கள் சர்ச்சில் நோன்பு இருக்கிற நாட்களுக்கு என்று ஒரு சாப்பாடு உண்டு, 'நிஸ்திசிமோ' என்றால் புரிந்துகொள்வார்கள், கறி, முட்டை, பால் இருக்காது. ஆனால் இறாலும் கணவாயும் அவர்கள் நோன்புக்கு ஆகும், அதனால் அதையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு அந்த நாட்டில் பெயர் போனது. நாங்கள் 'ஸ்டூடியோ' என்று சொல்கிற, இரண்டு அடுப்பும் சின்ன ஃபிரிட்ஜும் உள்ள அறை எடுத்தோம், அத்தை ராத்திரி கிழங்கு பொரியலும் ரசமும் வைத்தார்கள். பொடி, பருப்பு, புளி கொண்டு போகலாம். நெய், பால் சாமான் ஐரோப்பாவுக்குள் பெட்டியில் கொண்டு போகக்கூடாது, அதை எடுத்து வைக்காதீர்கள்.

கடையத்துத் தம்பி

அக்கா, நான் மால்டாவில் மூன்று வருஷமாகச் சமையல் வேலையில் இருக்கிறேன், லீவு கிடைத்தால் கோஸோ போய்விடுவேன். உங்கள் பட்டியலில் அது இருப்பதால் எழுதுகிறேன். எல்லாரும் நாக்ஸோஸ் என்றுவிட்டார்கள், கோஸோவையும் தள்ளிவிட வேண்டாம்.

முதல் விஷயம், அங்கே இங்கிலீஷ் ஆட்சிமொழி, அம்மாவுக்கு டாக்டரோ மருந்தோ தேவைப்பட்டால் நீங்களே பேசிக்கொள்ளலாம். வண்டி நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓடும். தீவு மொத்தமே 67 சதுர கிலோமீட்டர். கப்பலும் பெரிய கடல் தாண்ட வேண்டியதில்லை, மால்டா பக்கம் சிர்க்கேவாவில் ஏறினால் 25 நிமிஷத்தில் கோஸோவில் இம்ஜாரில் இறங்கிவிடலாம், ராத்திரியிலும் ஓடும். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பி வரும்போதுதான் காசு வாங்குவார்கள். வலேட்டாவில் இருந்து நேராக ஒரு வேகப் படகும் உண்டு, முக்கால் மணி நேரம்.

தங்க மூன்று இடம் சொல்வார்கள். நடுவில் விக்டோரியா, எல்லா பஸ்ஸும் அங்கே வந்துதான் போகும். ஷ்லெண்டி சின்ன வளைகுடா, இரண்டு பக்கமும் பாறை, அழகு, ஆனால் கடைத்தெரு விட்டால் ஏற்றம்தான். நான் அம்மாவுக்கு என்றால் மார்சல்ஃபோர்ன் எடுப்பேன். கடலை ஒட்டி நீளமாகத் தட்டையான நடைபாதை, இடையிடையே பெஞ்சு, வரிசையாகக் கடைகள். அதிலேயே மேற்கே நடந்தால் உப்பளம் வரும். தூத்துக்குடி உப்பளம் மாதிரி மண் பாத்தி இல்லை, கரைப் பாறையையே சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறார்கள், கடல் தண்ணீர் அதில் நின்று வற்றி உப்பாகும். வழியோரத்தில் வைத்தே உப்பு விற்பார்கள். நம்ம ஊர்க்காரர்கள் யார் வந்தாலும் அதைப் பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்கிறார்கள், எனக்கே முதல் தடவை ஊர் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

குறையையும் சொல்கிறேன். மார்சல்ஃபோர்ன் வடக்குக் கரை, உவரி அண்ணாச்சி சொன்ன கணக்கில் வாடை அடித்தால் அலை நடைபாதைமேல் ஏறும். செப்டம்பரில் தென்காற்று வீசினால் புழுக்கம் நம்ம ஊர் மாதிரியே இருக்கும், ஏசி இல்லாத அறை வேண்டாம். மணல் கடற்கரை கோஸோவில் குறைவு, ரம்லா ஒன்றுதான் பெரியது, மற்ற இடமெல்லாம் பாறையில் இருந்து இறங்க வேண்டும். மகனுக்கு மணல்தான் முக்கியம் என்றால் நாக்ஸோஸே சரி. பழைய படங்களில் பார்க்கிற அந்தப் பெரிய கல் வளைவை நம்பி வராதீர்கள், 2017 மார்ச் 8-ல் அது கடலில் விழுந்துவிட்டது.

ப்ரோசிடா நான் ஒரே ஒரு நாள்தான் போனேன். நாலு சதுர கிலோமீட்டர்தான் மொத்தத் தீவே. எல்லாரும் படம் எடுக்கிற அந்த வண்ண வண்ண வீடுகள் இருக்கிற இடம் கொரிச்செல்லா, அங்கே வண்டி போகாது, படி இறங்கித்தான் போக வேண்டும். அங்கே அறை எடுத்தால் அம்மா ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வெளியே வருவார்கள். தீவின் அந்தக் கோடியில் கியாயொலெல்லா என்கிற இடம் தட்டை, கடற்கரையும் பக்கம், துறைமுகத்தில் இருந்து பஸ் இருக்கிறது. ப்ரோசிடா என்று முடிவு செய்தால் அங்கே பாருங்கள்.

பாளைவாசி

அண்ணாச்சி, அக்கா, தம்பி மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி உட்கார்ந்து அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். உப்பளம் என்றதும் அம்மா கோஸோ பக்கம் சாய்ந்தாள், அப்புறம் தண்ணீருக்குள் நின்ற கதையைக் கேட்டுவிட்டு 'அங்கேயே போவோம்' என்றாள். ஆகவே நாக்ஸோஸ், ஆயியோஸ் யியோர்யோஸ், ஏழு ராத்திரியும் ஒரே இடம். தங்கையும் சரி என்றுவிட்டாள். இரண்டு கேள்வி மட்டும். விசா ஜெர்மனிக்குப் போடுவதா, கிரேக்கத்துக்கா? மியூனிக்கில் மூன்று ராத்திரி இருப்போம். அறைக்காரரிடம் என்ன என்ன கேட்டுவிட்டுப் பணம் கட்ட வேண்டும்?

உவரிக்காரன்

எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விசா போட வேண்டும், முதலில் எங்கே இறங்குகிறீர்கள் என்பது கணக்கில்லை. தீவில் ஏழு, ஏதென்ஸில் முன்னும் பின்னும் ஒவ்வொன்று, ஆக கிரேக்கம். பெரியவர்களுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆறு மாதம் முன்னாலேயே போடலாம், ஐரோப்பியக் கோடைக்கு முன்னால் போட்டுவிடுங்கள், கோடையில் தேதி கிடைப்பது கஷ்டம். விசா வருகிறவரை ரத்து செய்தால் பணம் திரும்பி வருகிற அறையாகவே எடுங்கள். ஏதென்ஸ் விமான நிலையத்தில் இருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு 2022-ல் இருந்து மெட்ரோ நேராகப் போகிறது, ஒரு மணி நேரம். பெரிய கப்பல் காலை ஏழு, ஏழரைக்குக் கிளம்பும், நாக்ஸோஸுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். அதனால் முந்தின ராத்திரி பிரேயஸிலேயே தங்குங்கள். வேகப் படகு வேண்டாம், பெரிய கப்பலில் ஆட்டம் குறைவு, ஏறுகிற இடத்தில் நகரும் படியும் இருக்கும். இறங்குகிற ஊர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் பெட்டியோடு கீழ்த்தளத்துக்கு வந்துவிட வேண்டும், துறைமுகத்தில் ரொம்ப நேரம் நிற்காது. அம்மாவைக் கூட்டத்துக்குப் பின்னால் விட்டு, லாரிகள் நகர்வதற்குள் ஓரமாக நடத்தி இறக்குங்கள்.

அம்பாசமுத்திரத்தாள்

அறைக்காரரிடம் 'மாடியா கீழ்த்தளமா' என்று கேட்டால் போதாது. அவர்கள் கீழ்த்தளம் என்பதற்கும் நாலு படி இருக்கும். தெருவில் இருந்து கட்டில் வரை எத்தனை படி, குளியலறைக்குள் படி உண்டா, குளிக்கிற இடம் தொட்டியா தரையா என்று தனித்தனியாகக் கேளுங்கள். முடிந்தால் வாசலில் இருந்து அறை வரை ஃபோனில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் அறைக்காரம்மா அன்றைக்கே அனுப்பினார்கள். அக்டோபர் எத்தனாம் தேதி மூடுகிறீர்கள் என்றும் கேளுங்கள், நீங்கள் கிளம்பி ஒரு வாரமாவது கழித்து மூடுகிற இடமாக இருந்தால் நல்லது. அறை வாடகை போக ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசாங்க வரியும் தனியாக வாங்குவார்கள், 2025-ல் இருந்து 3 நட்சத்திர ஹோட்டல் என்றால் அறைக்கு 5 யூரோ, 4 என்றால் 10. உங்களுக்கு இரண்டு அறை, ஏழு ராத்திரி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம், பெரிய பாட்டில் கடையில் கிடைக்கும். கழிப்பறையில் காகிதத்தைக் கொட்டாமல் பக்கத்தில் இருக்கிற கூடையில் போடச் சொல்வார்கள், குழாய்கள் அங்கே ஒடுக்கம்.

கப்பல் பெயரையும் வந்து சேருகிற நேரத்தையும் அவர்களுக்கு எழுதிவிடுங்கள், பலர் துறைமுகத்துக்கே வண்டி கொண்டு வருவார்கள். அம்மாவுக்கு ரப்பர் அடி உள்ள செருப்பு ஒன்று வாங்கி இங்கேயே பதினைந்து நாள் போட்டுப் பழக்கிவிடுங்கள். அந்த ஊர்த் தெருவில் பளிங்குக் கல் வழுவழு என்று இருக்கும், முதல் நாள் அத்தைக்கு வழுக்கிவிட்டது. தண்ணீரில் நிற்க வேறொரு ஜோடி.

பாளைவாசி

செருப்பு நாளைக்கே வாங்குகிறேன் அக்கா, இரண்டு ஜோடி.